தொண்ணூற்றொன்பது வருஷத்துக் கரை

அத்தியாயம் 9

சுதர்ஷினிக்கு ஒவ்வொரு நாளும் வலது தோள்பட்டையில்தான் விடியும். சேவலுக்கு முன்னால் அது எழுந்துவிடும். கழுத்துக்கும் கைக்கும் நடுவில் ஈரக் கயிற்றைப் போட்டு யாரோ முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி. பாவாடை கட்டிய வயதிலேயே பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த கை அது. றப்பர் மரங்களைச் சுற்றிச் சுற்றி வெட்டியே பழகி, இப்போது அவள் தூங்கினாலும் அந்தத் தோள் மட்டும் தனியாக மலைக்கு வேலைக்குப் போய்வருகிறது.

இன்று வலி எழுப்பியபோது அவள் ஆற்றங்கரையில் இருந்தாள். நீலக் கதவு போட்ட வீடு. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். என்ன மாட்டுவதற்கு என்று தெரியவில்லை. ஆணி உள்ளே போகப் போகச் சுகமாக இருந்தது.

"என்னா புள்ள, தூக்கத்துல கைய ஆட்டுற?" பக்கத்தில் முத்துவீரன் புரண்டு படுத்தான்.

"ஆணி அடிச்சேன்."

"எங்க?"

"வீட்டுல."

"இந்தச் செவுத்துல அடிச்சா அடுத்த காம்பராவுல சட்டி விழும். ஆபீசுலேருந்து ஆள் வரும்."

"இந்த வீட்டுல இல்லைங்க."

முத்துவீரன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு இருட்டுக்குள் சிரித்தான். "அப்ப எனக்கும் ஒரு ஆணி அடிச்சுரு. கோட்டு மாட்டணும்."

"எந்தக் கோட்டு?"

"காணிக்காரி புருஷனுக்கு ஒரு கோட்டு வேணாமா? இந்தா, தோளக் காட்டு." தலைமாட்டில் இருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டான். பால் சேகரிக்கும் லொறியில் பீப்பாய் ஏற்றி இறக்கும் கை. தேய்த்தால் தோலோடு வலியும் கொஞ்சம் உரிந்து வரும்.

தோட்டத்து லயமே ஒரு வாரமாக அவளைக் காணிக்காரி என்றுதான் கூப்பிடுகிறது.

எல்லாம் தம்பி ஸ்ரீதரன் வந்து இறங்கியதிலிருந்து தொடங்கியது. கித்துல்கல ஆற்றில் வெள்ளைக்காரர்களை றப்பர் படகில் ஏற்றி, பாறைக்கும் நுரைக்கும் நடுவே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவன். அப்படி ஏறிய கத்ரின் என்ற பெண்ணின் பின்னால் ஒஸ்திரியாவுக்குப் போனான். கட்டிக்கொண்டான். அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தான். இரண்டு நாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அங்கே விடமாட்டார்களாம். இந்த நாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு அதை வாங்கினான்.

இப்போது அதே ஆற்றங்கரையில், எட்டியாந்தோட்டை ஸஹாப்தீன் முதலாளியின் காணியைக் கேட்டு வந்திருக்கிறான். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அம்மா, எல்லோரும் நோனா என்று கூப்பிடுகிறவர், சட்டத்தைச் சொன்னார்: வெளிநாட்டுக்காரர் இங்கே காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம், கூடிப்போனால் தொண்ணூற்றொன்பது வருஷம். கித்துல்கலயில் பிறந்த வெளிநாட்டுக்காரன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் ஸஹாப்தீன் முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். "ஒங்கட அக்கா இந்த நாட்டு ஆள்தானே, மகன். அவங்கட பேருக்கு உறுதி எழுதினா சொந்தமாவே எடுக்கேலும்."

ஸ்ரீதரன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் சுதர்ஷினி ஒரு வாரமாக வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குக் கையெழுத்து.

அரை நாள் வேலையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். ஒரு வாரம் அடித்த மழை விட்டு, மரமெல்லாம் பாலைத் தேக்கி வைத்துக்கொண்டு நின்றது. வெட்டிய கோட்டில் பால் வழிந்து சிரட்டைக்குள் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே நடந்தால், ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையில் மனசு எங்கேயோ போய்விடும். காலுக்கு வழி தெரியும். அவள் இன்று ஆற்றங்கரை வீட்டுக் குசினியில் இருந்தாள். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது? ஆற்றைப் பார்த்து வைத்தால் காற்றில் நெருப்பு நிற்காது. முதுகைக் காட்டி நின்று சமைத்தால் ஆறு எதற்கு?

கடைசி வரிசை மரங்கள் கிழடு. பட்டை முழுவதும் தழும்பு. தோட்டத்தின் குத்தகைக் காலம் முடிவதற்குள் எடுக்கிறதை எடுத்துவிடலாம் என்று கம்பெனி இப்போது மேல்கிளை வரைக்கும் ஏணி வைத்து வெட்டச் சொல்கிறது. எட்டி வெட்டுவதில்தான் அவள் தோள் போனது.

"அக்கா."

ஸ்ரீதரன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். மலையேறுகிற சப்பாத்து. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் ஏதோ உறை. சின்ன வயதில் இதே மலையில் வெறுங்காலோடு அவளுக்கு வாளி தூக்கியவன்.

"கொஞ்சம் நில்லேன்."

"பால் நிக்காது. பேசிக்கிட்டே வா."

"காணிய ஒன் பேர்ல எழுதல, அக்கா. குத்தகையாவே எடுக்குறேன். என் பேர்ல."

கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. கங்காணி பார்த்தால் கத்துவார். காயத்திலிருந்து பால் நேர்க்கோட்டை விட்டு விலகிக் கண்டபடி வழிந்தது. சுதர்ஷினி அதை விரலால் தள்ளிக் கோட்டுக்குள் விடப் பார்த்தாள்.

"ஏன்?"

"கோவிச்சுக்காத."

"ஏன்னுதானே கேட்டேன்."

அவன் மரத்தில் கையை வைத்தான். பால் ஒட்டிக்கொண்டது. கையைப் பார்த்தபடி பேசினான். "அங்க வாசல்ல பெல்லுக்குப் பக்கத்துல கத்ரினோட பேரு. அவ அப்பா குடுத்த வீடு. கடுதாசி வந்தா அவ பேருக்குக் கீழ நான். வேலை செய்யிற எடத்துல வாய்ல நொழையலன்னு பேரையே சுருக்கிட்டாங்க. இங்க இருந்தப்ப எட்டாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. அதான் விலாசம். எங்கயாச்சும் ஒரு எடத்துல ஸ்ரீதரன்னு, வேற யார் பேரும் ஒட்டாம... இருக்கணும்னு ஆசையா இருக்கு."

"என் பேரு எங்கடா ஒட்டியிருக்கு?"

அவன் உள்ளங்கையில் ஒட்டிய பாலை உரித்தான்.

"தோட்டத்துச் செக்ரோல் பொஸ்தகத்துல இருக்கு. ஒரு நாள் வரலன்னா அதுலயும் கோடு."

"வீடு ஒனக்குத்தான அக்கா. நீயும் மச்சானுந்தான் இருக்கப் போறீங்க. நான் வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து போவேன்."

"அப்ப நான் காவக்காரி."

"அப்படியா சொன்னேன்?"

"நீ சொல்லல. எழுதுற பத்திரம் சொல்லும்." அடுத்த மரத்துக்கு நடந்தாள். "பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து நம்ம மேல குத்தகைக்காரன் ஒருத்தன் இருந்துக்கிட்டேதான் இருக்கான். இனி என் தம்பியும் ஒருத்தன். பரவால்ல. கத்தாத தொரையா இருப்பே."

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஸ்ரீதரன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் நின்ற இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் புதைகுழி மேடு தெரியும். அவன் தூக்கவில்லை. வந்து மூன்று வாரமாகிறது. ஆற்றுக்குத் தினமும் போகிறான். மேட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும், "நாளைக்குப் போவோம், அக்கா" என்கிறான்.

அம்மா அங்கேதான் கிடக்கிறாள். அவள் போனபோது ஸ்ரீதரன் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற பயம். வரவில்லை. முத்துவீரன்தான் குழிக்கு மேலே ஃபோனைப் பிடித்துக் காட்டினான். பெட்டி இறங்குகிற வரைக்கும் ஸ்ரீதரன் அழுகிற முகம் அதில் தெரிந்தது. மண் போடுகிற நேரத்துக்கு மேட்டில் சிக்னல் போய்விட்டது.

மகன் போட வேண்டியது மூன்று பிடி. மகன் தூர தேசத்தில் இருந்தால் அவன் பங்கை எடுத்து வைப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். சுதர்ஷினி அந்த மூன்று பிடியையும் ஒரு பால் சிரட்டையில் அள்ளி, அம்மாவின் தலைமாட்டில் வைத்து, மழைக்கு மரத்தில் கட்டுகிற பொலித்தீனை வெட்டி மூடிக் கட்டினாள். அந்தச் சிரட்டை அளவுக்கு அம்மா குழியின் தலைப்பக்கம் இன்னும் பள்ளமாகவே இருக்கிறது. வருஷா வருஷம் அவள் பொலித்தீனை மட்டும் மாற்றுகிறாள்.

"அக்கா," பின்னாலிருந்து ஸ்ரீதரனின் குரல் வந்தது. "சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமாம். நீயும் மச்சானும் கையெழுத்துப் போடணும்."

அவள் திரும்பவில்லை. "கத்திய கழுவிட்டு வர்றேன்" என்றாள்.

*

கையெழுத்துக்கு முன்னால் எல்லையைக் காட்டாமல் ஸஹாப்தீன் முதலாளி யாருக்கும் காணி கொடுத்ததில்லை. இரும்புக்கடையை மகன் அப்லாலிடம் விட்டுவிட்டுக் குடையோடு வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை மடித்த சாரம். கல்லுக்குக் கல் நடந்து காட்டினார்.

"இந்தக் கல்லு, அந்தப் பலாமரம், அங்கால நான் போட்ட கம்பி. ஆத்துப் பக்கம் அரசாங்கத்துக்கு ஒதுக்கினது போக மிச்சம் ஒங்கட. நல்லாப் பாத்துக்கோங்க மகன், பொறவு பேச்சு வரப்படாது."

ஸ்ரீதரன் பார்க்கவில்லை. ஆற்றைக் கேட்டுக்கொண்டிருந்தான். முத்துவீரன் ஒவ்வொரு கல்லையும் காலால் தட்டிப் பார்த்தான், தான்தான் வாங்குகிற மாதிரி.

சுதர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்து மணலுக்கு இறங்கினாள். வெயிலும் நிழலும் கலந்து கிடந்தன. அக்கரையில் மூங்கில் ஒன்றோடொன்று உரசி முனகியது. ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டாள். இது வாசல். இது படுக்கிற அறை. இது குசினி. அடுப்பைப் பக்கச் சுவரோடு வைத்தால் சரி, நின்றபடி தலையைத் திருப்பினால் ஆறு. காலையில் யோசித்தும் கிடைக்காத விடை இங்கே காலடியில் கிடந்தது. குசினிக்குள் போய் நின்றுகொண்டாள். குளிர்ந்த மணல் பாதத்துக்குக் கீழே மெல்ல இளகி அவளை வாங்கிக்கொண்டது. இருட்டும் வரைக்கும் இப்படியே நின்றாலும் யாரும் எழுப்பமாட்டார்கள் என்று தோன்றியது.

"மகள்."

ஸஹாப்தீன் குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட தம்பி குத்தகைதான் வேணுமெண்டு நிக்கிறார். எனக்கு அது மனசுக்குச் சரியாப் படல்ல. வித்தா வித்தது. இது, காசையும் எடுத்து மண்ணும் என்ட புள்ளகளுக்குத் திரும்பி வரப்போகுது. நான் செல்லிப் பாத்தன். கேக்கிறாரில்ல. நீங்க ஒரு சொல் செல்லுங்கோ."

"நான் சொல்லி வாங்கினா அது எனக்குக் குடுத்ததா முதலாளி?"

அவர் தாடியைத் தடவினார். "அதுவும் சரிதான்."

"அப்ப நீங்களும் சொல்லாதீங்க."

ஆற்றின் வளைவில் இரண்டு படகுகள் நுரையைக் கிழித்துக்கொண்டு வந்தன. சிவப்புத் தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். முன்படகில் நின்ற வழிகாட்டி கரையைப் பார்த்துத் துடுப்பைத் தூக்கினான்.

"ஸ்ரீ அய்யே! கவத ஆவே?" எப்போ வந்தே அண்ணே?

ஸ்ரீதரனின் முகம் இருபது வயதுக்குப் போய்விட்டது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். படகு போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சட்டென்று தலையைச் சாய்த்து ஆற்றின் சத்தத்தைக் கேட்டான்.

"அக்கா, மேல ஏறு. தண்ணி வருது."

மலையில் மின்சார நிலையத்தில் தண்ணீர் விட்டால் ஆறு கொஞ்ச நேரத்தில் ஏறும். அதன் சத்தம் முதலில் மாறும். படகு விட்டவனுக்கு அது மறக்காது. சுதர்ஷினி மேலே ஏறி நின்று பார்த்தாள். தண்ணீர் அவசரப்படாமல் வந்தது. முதலில் குசினிக்குள் போனது. அப்புறம் படுக்கிற அறை. வாசலை மட்டும் விட்டுவைத்தது.

"வீடு இன்னம் மேல, அக்கா. அங்க பலாமரத்துக்கிட்ட," என்றான் ஸ்ரீதரன். "தண்ணி வராது. ஒனக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்?"

ஒரு வாரமாக அவன் வாயிலிருந்து அவள் எதிர்பார்த்திருந்த கேள்வி. நேற்றுக் கேட்டிருந்தால் இரவு முழுக்கப் பதில் சொல்லியிருப்பாள்.

"ஒன் வீடு. ஒனக்குப் புடிச்ச பக்கம் வையி."

*

நொத்தாரிசு நோனாவின் அறை எட்டியாந்தோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே. படியேறும்போதே பாண் வாசனை வயிற்றைக் கிள்ளியது. காலையில் குடித்த வெறுந்தேநீரோடு வந்தவர்கள். முத்துவீரன் காதுக்குள் சொன்னான், "கையெழுத்துப் போட்டா பணிஸ் தருவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னாங்க, கோட்டு ஆணிய மறந்துருங்க."

"அது போகட்டும் புள்ள," என்றான் முத்துவீரன். "நான் கோட்டு போட்டா பொணத்துக்குப் போட்ட மாதிரி இருக்கும்."

நோனா நிதானமான ஆள். சிங்களத்தில் வாசித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி, விளங்கியதா என்று கேட்டார். எல்லோருக்கும் சிங்களம் தெரியும். தொண்ணூற்றொன்பது வருஷம் என்ற இடம் வந்தபோது ஸஹாப்தீன் பெருமூச்சு விட்டார். அத்தனை வருஷம் கழித்து அந்த அறையில் இருக்கிற ஒருவரும் இருக்கப்போவதில்லை. ஆறு இருக்கும்.

குத்தகைக்கு எடுப்பவரின் பெயரை நோனா வாசித்தார். முழுப் பெயர். சுருக்காமல், எதுவும் ஒட்டாமல். ஸ்ரீதரன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிற குழந்தையின் முகம் போல இருந்தது அது. சுதர்ஷினி பார்த்தாள். அவளுக்கு ஒரு கணம் எல்லாம் இளகிவிட்டது. எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பெயர்தானே. அவனுக்கும் அவளுக்கும் ஒரே பசி, இலை ஒன்றுதான் இருக்கிறது.

நோனா பத்திரத்தைத் திருப்பிவைத்தார். கையெழுத்துப் போடுமுன் சாட்சிகளைக் கேட்பது முறை. குத்தகைக்கு எடுக்கிறவரைத் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும்.

"மேயாவ அந்துனனவத?" இவரைத் தெரியுமா?

"ஓவ் நோனா," என்றான் முத்துவீரன். "மகே மஸ்சினா." என் மச்சான்.

நோனா சுதர்ஷினியைப் பார்த்தார். "ஒயா அந்துனனவத?"

எளிய கேள்வி. அவள் வாயைத் திறந்தாள். தெரியும். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். முதல் நாள் படகேறப் போனபோது நெற்றியில் திருநீறு பூசிவிட்டவள். ஆனால் மேட்டில் பொலித்தீனுக்குக் கீழே காய்ந்து கிடக்கிற சிரட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. காணி கைவிட்டுப் போன கோபமா இது, அம்மாவுக்காகக் கேட்பதா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே தோளில் வலித்தன.

"தவம நே, நோனா."

இன்னும் இல்லை.

முத்துவீரன் அவள் கையைப் பிடித்தான். ஸஹாப்தீன் நாற்காலி நுனிக்கு வந்தார். ஸ்ரீதரன் கண்ணைத் திறந்தான்.

"அக்கா?"

"மூணு வாரமா ஆத்துக்குப் போறே. கல்லு பாக்குறே. எல்லை பாக்குறே." அவள் குரல் உயரவில்லை. "இந்த ஊர் மண்ணு தொண்ணூத்தொம்பது வருஷத்துக்கு வேணும்கிறே. ஒனக்குன்னு எடுத்து வச்ச மண்ணு மேட்டுல கெடக்கு. அத இன்னும் நீ தொடல."

"நாளைக்கு..."

"அதத்தான் சொல்றேன். நாளைக்கு வர்றவனை நாளைக்குத்தான் தெரியும்."

மூலையில் இருந்த கிளார்க் பையன் எழுந்தான். தான் வேண்டுமானால் சாட்சி போடுகிறேன் என்றான், வழக்கமாகப் போடுவதுதானாம். நோனா ஸ்ரீதரனைப் பார்த்தார். ஸஹாப்தீனும் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும். கரை அவனுடையதாகிவிடும்.

ஸ்ரீதரன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

"பயமா இருக்கு, அக்கா," என்றான் கடைசியில், தமிழில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஃபோன்ல மண்ணு போட்டதைப் பாக்கல. அதனால எனக்கு அம்மா இன்னும் சாகல. அங்க போனா..."

"எனக்குச் செத்து ஆறு வருஷம் ஆச்சு," என்றாள் சுதர்ஷினி. "தனியா."

அவன் பேனாவை மூடினான். "வேற சாட்சி வேணாம் நோனா. அக்கா தெரியும்னு சொன்னாத்தான் போடுவேன்." சிங்களத்தில் சொன்னான். பழைய படகுக்காரச் சிங்களம். எழுந்து படியிறங்கிப் போனான்.

சுதர்ஷினி ஜன்னலுக்குப் போனாள். கீழே வீதியின் ஒரு பக்கம் கொழும்பு பஸ் நின்றது. எதிர்ப்பக்கம், தோட்டத்துக்குத் திரும்பிப் போகிற கித்துல்கல பஸ். ஸ்ரீதரன் நடுவில், மத்தியான வெயிலில், இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு லொறி வந்து அவனை மறைத்தது. லொறி போனபோது இரண்டு பஸ்களும் புறப்பட்டிருந்தன. வீதியில் அவன் இல்லை.

அவளுக்குப் பின்னால் நோனா பத்திரத்தைக் கோப்புக்குள் வைத்தார். குத்தகைப் பணம் பேங்க் வழியாக வந்துவிட்டது, முத்திரைத் தீர்வையும் கட்டியாகிவிட்டது, இனி ஸ்ரீதரனிடமிருந்து வரவேண்டிய பாக்கி ஒன்றும் இல்லையே என்று ஸஹாப்தீனிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்ல," என்றார் ஸஹாப்தீன்.

சுதர்ஷினி தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றாள். ஸ்ரீதரனுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு பாக்கி இருந்தது: அம்மாவுக்கு மூன்று பிடி மண்.